ஒட்டுக்குக் கீழே இருந்த மரம்

2024 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. ரொறன்ரோவில் வெளியே உறைநிலைக்குக் கீழே என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஞாயிறு விடிந்துவிட்டது. தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, சந்தையடியிலை ஒருத்தர் அப்பிள் கன்று கொண்டுவந்து விக்கிறார். நல்லாக் காய்க்குமாம். ஒண்டு வாங்கட்டோ?"

"எங்கை நடப்போறாய்?"

"கிணத்தடியிலை. அந்தப் புளி மாமரத்தைத் தறிச்சுப்போட்டு அதிலை வைப்பம் எண்டு பாக்கிறன். நீங்கள்தானே மாமா அதைத் தறிக்கச் சொன்னனீங்கள்?"

உண்மைதான். நான்தான் சொன்னேன்.

வலிகாமம் வடக்கில் எங்களுக்கு ஆறு பரப்புச் செம்பாட்டுக் காணி உண்டு. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் மீண்டும் போர் மூண்டபோது அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினோம். அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் 2009 இல் முடிந்த பின்னரும் காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. எங்கள் காணி கைக்கு வந்த செய்தி 2016 இல் கிடைத்தது. அடுத்த ஆண்டு வைகாசியில் நான் போய்ப் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கற்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. பற்றையை வெட்டி வழி செய்துகொண்டு கிணற்றடிக்குப் போனபோது, ஐயா நட்ட கறுத்தக் கொழும்பான் மாமரம் நின்றது. அதைக் கண்டதும் தங்கை அழுதுவிட்டாள்.

மரம் நிறையக் காய்த்திருந்தது. பழுத்ததொன்றைப் பிடுங்கிக் கடித்தோம். ஒரே நார்; புளிப்பு; கொட்டை பெரிது, சதை கொஞ்சம். கறுத்தக் கொழும்பானின் மணத்தில் ஒரு துளிகூட அதில் இல்லை. "மண் கெட்டுப் போச்சு, அண்ணை" என்றாள் தங்கை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை ஆண்டுகள் குண்டும் வெடிமருந்தும் உண்ட மண் இனி எப்படி இனிக்கும் என்று எண்ணினேன். ஊர் திரும்பியதும் அந்தக் கருத்தையே வைத்துக் கண்ணீர் வரும்படியாக ஒரு கட்டுரையும் எழுதினேன். வாசித்த அன்பர்கள் பலர் பாராட்டினார்கள்.

நான் எழுதியது தவறு. அதைத் திருத்தவே இன்று எழுதுகிறேன். அப்பிள் மரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லாமல் அந்தத் தவற்றை விளக்க இயலாது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்பிள் வந்த வழி

என் தலைமுறை யாழ்ப்பாணத்தவருக்கு அப்பிள் நோயாளியின் பழம். கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வருபவர் யாராவது இரண்டு பழம் கொண்டுவந்தால், ஒன்று ஆசுப்பத்திரிக்குப் போகும். மற்றதை எட்டாக வெட்டி வீட்டார் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம். 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது அந்த ஒரு துண்டும் அரிதாகிப் போனது. அதே கட்டுப்பாட்டினால்தான் எங்கள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டுகளில் கல்வீடு கட்டிய கமக்காரர் பலர். 1977 இற்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு அப்பிள் பெட்டி பெட்டியாக வந்தது. 1990 களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்தவர்கள் அப்பிளை மறந்தே போனார்கள். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் அது மறுபடியும் எட்டாப் பழமாயிற்று. வீட்டிலேயே ஓர் அப்பிள் மரம் நின்றால் என்ன என்ற ஆசை என் மருமகனுக்கு அந்த ஆண்டில் முளைத்ததாம். அதில் பிழை ஒன்றுமில்லை.

ஆனால் அப்பிளைக் கனவு கண்டுகொண்டே யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் எங்களுக்கு முன்பே இருந்திருப்பார்கள். 1816 இல் தெல்லிப்பழையில் வந்திறங்கிய அமெரிக்க மிசனரிமார் அப்பிள் நாட்டவர்கள். தானியேல் பூவர் மசாசுசெற்ஸ் மாநிலத்தவர். உடுவிலில் நெடுங்காலம் பணிசெய்த லீவை ஸ்போல்டிங் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் ஜவ்ரி என்ற ஊரில் பிறந்தவர். தமிழ் அகராதி தந்த மைரன் வின்சுலோ வெர்மொண்ட் மாநிலத்தவர். மானிப்பாயில் மருத்துவமும் தமிழில் மருத்துவக் கல்வியும் வளர்த்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மசாசுசெற்ஸில் உள்ள வூஸ்ரர் நகரத்தவர். இந்த ஊர்களில் எல்லாம் வீட்டுக்கு வீடு அப்பிள் மரம் நின்ற காலம் அது.

விவிலியத்தின் உன்னதப்பாட்டில் ஆங்கிலத்தில் அப்பிள் மரம் என்று வரும் இடத்தில், நாம் கோயில்களில் வாசித்து வந்த தமிழ்ப் பெயர்ப்பில் கிச்சிலி மரம் நிற்பதை வாசகர்கள் கவனித்திருக்கக்கூடும். கிச்சிலி தோடையின் இனம். காணாத மரத்துக்குக் கண்ட மரத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள் மொழிபெயர்த்தவர்கள்.

பழம் வந்து சேர வழி பிறந்தது பனிக்கட்டியோடு. 1833 இல் பொஸ்டனிலிருந்து பிரெடரிக் ரியூடர் என்ற வணிகர் அனுப்பிய கப்பல் 180 தொன் பனிக்கட்டியோடு புறப்பட்டு நான்கு மாதத்தில் கல்கத்தா சேர்ந்தது. பாதிக்கு மேற்பட்ட கட்டி உருகாமல் வந்தது. அதன் குளிரில் நியூ இங்கிலாந்தின் அப்பிளும் வாடாமல் வந்தது. 1842 இல் சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய கிட்டங்கிதான் ஐஸ் ஹவுஸ். பிற்காலத்தில் விவேகானந்தர் இல்லமானது அதுவே. ஆகவே எங்கள் பக்கத்துக் கடலில் அப்பிள் முதலிலிருந்தே குளிரைத் துணைகொண்டு வந்த பழம். பழத்தைக் கொண்டுவரலாம், மரத்தைக் கொண்டுவர முடியாததற்குக் காரணம் இருந்தது.

உறக்கம் கேட்கும் மரம்

அப்பிள் மரம் மாரியில் உறங்க வேண்டும். இலையுதிர்ந்த மரத்தின் மொட்டுகள், ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைந்த குளிரில் இத்தனை மணி நேரம் இருந்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்கின்றன. கடைகளில் நாம் காணும் வகைகள் பலவற்றுக்கு 800 முதல் 1,000 மணி நேரமோ அதற்கு மேலோ தேவை. கணக்கு நிறையாவிட்டால் மரம் தூக்கம் கலைந்த பிள்ளைபோல ஆகிவிடும். ஒரு கிளை துளிர்க்கும். மற்றது மொட்டையாய் நிற்கும். பூ ஒன்றிரண்டு வந்து உதிரும்.

யாழ்ப்பாணத்தின் கணக்கு என்ன? மார்கழி, தை மாத விடியற்காலையிலும் வெப்பநிலை 20 பாகையை ஒட்டியே நிற்கும். ஒரு மணி நேரமும் கணக்கில் சேராது. ஏறிப் போக மலையும் இல்லை. கீரிமலை என்று பெயர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான்.

தமிழர் நிலத்தில் அப்பிள் விளையும் இடம் கொடைக்கானல், நீலகிரி போன்ற 7,000 அடி உயரங்கள். கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அந்த மலைக்கு ஏற்றதாகத் தெரிவு செய்த வகை பார்லின்ஸ் பியூட்டி. யாவாத் தீவில் பத்து நகரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் இன்னொரு தந்திரம் செய்கிறார்கள். அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். உறக்கத்துக்குப் போகுமுன்னே மரம் மறுபடி பூக்கிறது. ஆண்டுக்கு இரண்டு போகம். அங்கும் உயரம் தரும் குளிர்ச்சி துணை நிற்கிறது.

குறைந்த குளிர் போதுமான வகைகளும் உண்டு. இஸ்ரேலில் உருவான அன்னா, பகாமாஸ் தீவில் தோன்றிய டோர்செற் கோல்டன் ஆகியவை 200 முதல் 300 மணி நேரத்தில் திருப்தியடைபவை. இமாச்சலப் பிரதேசத்துப் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி கண்டெடுத்த எச்ஆர்எம்என்-99 என்ற வகை தாழ்ந்த நிலங்களிலும் காய்க்கிறது. அதற்காக அவருக்கு 2025 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆயினும் அந்த மாவட்டத்தில் மாரி என்றொரு குளிர்காலம் உண்டு. எங்கள் சந்தையடியில் விற்கும் கன்று இவற்றில் எது, அதன் வேர் எது என்று கேட்டால் விற்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மருமகன் கேட்டுப் பார்த்தானாம். "அப்பிள்தான் தம்பி" என்பதே விடை.

குளிரும் கொல்லும்

உறங்கக் குளிர் வேண்டும் என்றால், குளிர் கூடக்கூட மரத்துக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. நான் இன்று வாழும் நாட்டின் அப்பிள் வரலாறு முழுவதும் கடுங்குளிரோடு பட்ட பாடுதான்.

1811 அளவில் ஜோன் மக்கின்ரொஸ் என்ற குடியேறி ஒன்ராறியோவில் டண்டெலா என்ற இடத்தில் காடு வெட்டியபோது, பற்றைக்குள் தானாய் முளைத்த அப்பிள் கன்றுகள் சிலவற்றைக் கண்டு பிடுங்கி வீட்டருகே நட்டார். அவற்றில் ஒன்று அருமையான பழம் தந்தது. விதையைப் போட்டால் அந்தப் பழம் திரும்ப வரவில்லை; அப்பிள் விதை தாயைப்போலப் பிள்ளை தருவதில்லை. 1835 அளவில் அவருடைய மகன் அலன் ஒட்டுக்கட்டும் கலையைக் கற்றுக்கொண்ட பின்னர்தான் அந்த மரம் பெருகியது. 1894 இல் வீடு தீப்பற்றியபோது தாய்மரத்தின் ஒரு பக்கம் கருகியது. மறுபக்கம் இன்னும் பல ஆண்டுகள் காய்த்து, 1910 அளவில் மரம் வீழ்ந்தது. ஆனால் உலகில் இன்று நிற்கும் ஒவ்வொரு மக்கின்ரொஸ் மரமும் அந்த ஒரே மரத்தின் கிளைதான். வேறு வேர்களின்மேல் நிற்கிறது, அவ்வளவே.

1933–34 மாரி வந்தது. கிழக்குக் கனடாவிலும் நியூ இங்கிலாந்திலும் தோட்டம் தோட்டமாக மரங்கள் செத்தன. நியூ இங்கிலாந்தின் பெருமையாக இருந்த போல்ட்வின் என்ற அப்பிள் அந்த அடியிலிருந்து மீளவே இல்லை. மிசனரிமாரின் ஊர்களில் அதன் இடத்தைக் குளிர் தாங்கிய மக்கின்ரொஸ் பிடித்துக்கொண்டது.

இங்கே நான் அறிந்து வியந்த செய்தி ஒன்று உண்டு. நன்கு உறங்கும் அப்பிள் மரத்தின் கிளைகள் நடு மாரியில் உறைநிலைக்குக் கீழே 30, 40 பாகைவரைகூடத் தாங்கும். வேர் அப்படித் தாங்காது. மண்ணுக்குள் உறைநிலைக்குக் கீழே 10 முதல் 15 பாகை வந்தாலே பல வகை வேர்கள் இறந்துவிடும். மண்ணும் அதன்மேல் விழும் பனியும் போர்வைபோல் காப்பதால்தான் மரம் பிழைக்கிறது. பனி விழாத கடுங்குளிர் மாரியே தோட்டக்காரனின் எமன். அத்தகைய மாரிக்குப் பின் வசந்தத்தில் மரம் பச்சையாகத் துளிர்க்கும். ஒரு மாதத்தில் வாடிச் சாகும். வேர் தையிலேயே இறந்திருக்கும். கிளைக்கு அது வைகாசியில்தான் தெரியவரும்.

வேரைத் தேர்ந்தவர்கள்

ஒட்டு மரம் என்பது இரண்டு மரம். கீழே வேரும் அடித்தண்டும் தருவதை எங்கள் விவசாயப் பாடநூல்கள் ஒட்டுக்கட்டை என்றும், மேலே பழம் தருவதை ஒட்டுக்கிளை என்றும் சொல்லும். கிளையை எல்லோரும் தேடினார்கள். வேரை முறையாகத் தேடத் தொடங்கியது கடந்த நூற்றாண்டில்தான்.

ஐரோப்பாவில் மரத்தைக் குட்டையாக்கும் ஒட்டுக்கட்டைகள் நெடுங்காலமாகப் புழங்கின. ஆனால் நாற்றுமேடைக்காரர் ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததற்குத் தாம் விரும்பிய பெயரை இட்டனர். எது எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் ஈஸ்ற் மோலிங் என்ற ஊரில் 1913 இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கே ரொனால்ட் ஹற்றன் இந்தக் கட்டைகளைத் திரட்டி வளர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1917 இல் ஒன்பது வகைகளாக எண்ணிட்டு வெளியிட்டார். ஒன்பதாவதான எம்-9 உலகத்தின் அப்பிள் தோட்டங்களையே மாற்றியது. முப்பது அடி ஏணி வைத்துப் பறித்த மரம், நின்ற நிலையில் பறிக்கும் உயரத்துக்கு இறங்கியது. பின்னர் மேர்ட்டன் நகர ஆய்வாளரோடு சேர்ந்து, வேரைத் தாக்கும் ஒரு வகை அசுவுணிக்கு அசையாத எம்எம் வரிசையை 1952 இல் வெளியிட்டார்கள்.

ஆனால் எம்-9 இன் வேர் கென்ற் பகுதியின் மிதமான மாரிக்குப் பழகியது. கனடாவின் சமவெளிகளுக்கும் உருசியாவுக்கும் அது போதவில்லை. 1886 இல் ஒட்டாவாவில் மத்திய பரிசோதனைப் பண்ணை நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவர் வில்லியம் சோண்டர்ஸ், உருசியாவிலிருந்து சைபீரியக் காட்டு அப்பிளின் விதைகளை 1887 இல் தருவித்தார். நெல்லிக்காய் அளவுகூட இல்லாத பழம். வாயில் வைக்க முடியாத துவர்ப்பு. ஆனால் உறைநிலைக்குக் கீழே 40 பாகையிலும் சாகாத மரம். அதை நல்ல அப்பிள்களோடு கலந்து சமவெளிகளுக்கான மரங்களை உருவாக்கினார். உருசியாவில் மிச்சூரின்ஸ்க் நகரில் புடகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர், ஈஸ்ற் மோலிங்கின் எம்-8 கட்டையைச் சிவப்பு இலை கொண்ட உருசிய அப்பிளோடு கலந்து பி-9 என்ற கட்டையைத் தந்தார். மரமும் குட்டை, வேரும் குளிர் தாங்கும். அன்ரனோவ்கா என்ற பழைய உருசிய அப்பிளின் விதைக் கன்றுகளும் கடுங்குளிர் நாடுகளில் ஒட்டுக்கட்டையாக இன்றும் நிற்கின்றன.

இவர்கள் செய்ததைச் சுருக்கிச் சொன்னால்: பழத்துக்காக ஒரு மரம், மண்ணுக்கும் குளிருக்குமாக இன்னொரு மரம், இரண்டும் கூடுமிடத்தில் ஒரு கட்டு.

வெள்ளைக் கொழும்பான்

இதெல்லாம் வெள்ளைக்காரருடைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஈஸ்ற் மோலிங்கின் எம்-9 போல மாமரத்தைக் குட்டையாக்கும் ஒட்டுக்கட்டை வேண்டுமென்று இந்திய ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகத் தேடி வந்திருக்கிறார்கள். பெங்களூரில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் அல்போன்சா மாங்கிளையைப் பல கட்டைகளில் ஒட்டி நெடுங்காலம் வளர்த்துப் பார்த்தனர். மரத்தைக் குட்டையாக வைத்த கட்டை எது தெரியுமா? வெள்ளைக் கொழும்பான். எழுத்துக்கூட்டல் நூலுக்கு நூல் மாறும். பெயர் நம் ஊர் முற்றங்களில் கேட்ட பெயர்தான்.

வெள்ளைக் கொழும்பானுக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் அச்சாகவே இருக்கும். அதனால் ஒரே சீரான கட்டைகள் கிடைக்கும். எல்லா மாவும் அப்படியல்ல.

மாம்பழத்தை நாங்கள் அறிவோம். கறுத்தக் கொழும்பானா, அம்பலவியா, செம்பாட்டானா என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவோம். அந்தப் பழத்துக்குக் கீழே எந்த மரத்தின் வேர் நின்றது என்று யாராவது கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

சிவப்பு இலை

2023 புரட்டாதியில் பிள்ளைகளோடு அப்பிள் பறிக்கப் போனேன். ரொறன்ரோத் தமிழர்களுக்கு அது இப்போது ஒரு திருவிழா. ஜோர்ஜியன் விரிகுடாவை அண்டிய தோட்டங்களில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். மிளகாய்த் தூளும் உப்பும் சரையில் கட்டிக்கொண்டு வந்து மரத்தடியிலேயே தொட்டுத் தின்பவர்களும் உண்டு.

வரிசையின் முடிவில் ஒரு மரம் வித்தியாசமாக நின்றது. பட்டுப்போன தண்டு ஒன்று. அதன் அடியிலிருந்து நாலைந்து தளிர்க் கிளைகள். எல்லா மரத்திலும் பச்சை இலை. இதில் மட்டும் செம்பழுப்பு. தோட்டத்து முதியவரிடம் கேட்டேன். அவர் குனிந்து, நிலத்துக்கு ஒரு சாண் மேலே தண்டில் இருந்த முண்டைத் தொட்டுக் காட்டினார். "இதற்கு மேலே இருந்தது மக்கின்ரொஸ். அது செத்துவிட்டது. இது கீழே இருந்த மரம். பழம் வரும், தின்ன முடியாது" என்றார். புடகோவ்ஸ்கியின் சிவப்பு இலைக் கட்டை அது என்று பின்னர் வாசித்து அறிந்தேன்.

அன்று அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து, மாசி மாத இரவில், அப்பிளையும் புளி மாமரத்தையும் மருமகன் ஒரே மூச்சில் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

கிணற்றடி மரம்

1962 இல் ஐயா திருநெல்வேலிப் பண்ணையிலிருந்து அந்த ஒட்டுமாங் கன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பத்து வயது. நட்டுத் தண்ணீர் ஊற்றியபின் எனக்கு ஒரு வேலை தந்தார். தண்டில் கட்டியிருந்த இடத்தைக் காட்டி, "இதுக்குக் கீழை துளிர் வந்தால் கிள்ளிப்போடு. விடாதை. அது வேறை மரம்" என்றார். பள்ளிக்கூடம் போகுமுன் பார்ப்பேன். சின்னச் செந்துளிர் தலைகாட்டும். கிள்ளி எறிவேன். இரண்டு மூன்று ஆண்டுகள் செய்தேன். மரம் வளர்ந்து, வேலை நின்று, நினைவும் போய்விட்டது.

மேலே இருந்த கறுத்தக் கொழும்பான் எப்போது செத்தது என்று எங்களுக்குத் தெரியாது. எறிகணை பட்டிருக்கலாம், விறகுக்குத் தறித்திருக்கலாம். தறித்தவருக்கும் தெரிந்திராது. அதன்பின் கட்டுக்குக் கீழிருந்த மரம் துளிர்த்தது. கிள்ளுவதற்கு ஆளில்லை. கிணற்றடி ஈரத்தில் நன்றாய் வளர்ந்து காய்த்தது. நாங்கள் போய் அதன் பழத்தைக் கடித்துவிட்டு மண் கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னோம். நானோ அதை அச்சேற்றினேன்.

மண்ணில் ஒரு கெடுதியும் இல்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பழகிய வேர் அந்தச் செம்பாட்டில் உறுதியாக நிற்கிறது. போனது மேலே இருந்தது மட்டும்.

அந்த இரவே மருமகனைத் திரும்ப அழைத்தேன். "மரத்திலை கைவைக்காதை. அடியிலை போய்ப் பார். பழைய முண்டு ஒண்டு இருக்கோ?" என்றேன். அரை மணியில் படம் அனுப்பினான். நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் வெட்டுண்ட பழைய அடிக்கட்டை, உள்ளே உக்கியபடி. அதற்கும் கீழே, ஒரு பக்கத்திலிருந்து எழுந்து, இப்போது மரமாக நிற்கும் தண்டு.

கறுத்தக் கொழும்பான் யாழ்ப்பாணத்தில் இன்னும் தாராளமாய்க் கிடைக்கிறது. ஆனால் எங்கள் மரத்தின் கிளையே ஒன்று மிஞ்சியிருந்தது. 1970 களில் இணுவிலிலுள்ள சின்னம்மா வீட்டுக்கென்று ஐயா எங்கள் மரத்தில் ஒட்டுக் கட்டுவித்தார். சட்டியில் வளர்த்த கன்றைப் பரண் கட்டி உயர்த்தி, கிளையோடு சேர்த்துக் கட்டி, மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய காட்சி எனக்கு நினைவிருக்கிறது. அந்த மரம் இன்றும் நிற்கிறது, இன்றும் மணக்கிறது. டண்டெலாவில் எரிந்த மரம் வேறு வேர்களின்மேல் உயிரோடு இருப்பதுபோலத்தான்.

2024 ஆவணியில் காய் ஓய்ந்த பின் கிணற்றடி மரத்தை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டான் மருமகன். மழைக்குப் பின் வந்த துளிர்களில் திடமான ஐந்தை விட்டு மற்றவற்றைக் கழித்தான். 2025 மாசியில் ஒட்டுக்கட்டத் தெரிந்த ஒருவரை அழைத்து, இணுவிலிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த கிளைகளை அந்த ஐந்திலும் ஒட்டுவித்தான். இரண்டு கருகிவிட்டன. மூன்று பிடித்துக்கொண்டன. இன்னும் காய்க்கவில்லை. காய்த்தால் எப்படி இருக்கும் என்று நான் இப்போதே எழுதப் போவதில்லை. ஒருமுறை அவசரப்பட்டது போதும்.

அப்பிள் கன்றையும் அவன் வாங்கிவிட்டான். ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. வேலியோரம் நட்டிருக்கிறான், இலை விட்டிருக்கிறதாம். இன்னொரு புறத்தில் வெள்ளைக் கொழும்பான் கொட்டைகள் சிலவற்றையும் புதைத்திருக்கிறான். இனி ஒட்டுக் கட்டினால் கீழே நிற்பது இன்னதென்று பெயர் சொல்ல முடியும்.

காணி திரும்பக் கிடைத்து, பழைய மரம் சுவை மாறி நிற்கக் கண்டவர்கள் எங்களைப்போல் இன்னும் பலர் இருக்கக்கூடும். தறிக்குமுன் ஒருதரம் குனிந்து அடியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் காலையில் துளிர் கிள்ளும் வேலை இப்போது மருமகனின் மகளுக்கு. அவளுக்கு ஒன்பது வயது. எதற்காகக் கிள்ளுகிறாய் என்று தொலைபேசியில் கேட்டேன்.

"அது வேறை மரம், தாத்தா" என்றாள்.